வன்னியில் இருந்துகொண்டு உளவியல் முதுமாணி: போட்டுவைத்த பாடநெறியா, நாமே அடுக்குவதா?

முல்லைத்தீவில் உளவளத்துணை வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி போன கிழமை வட்ஸ்அப்பில் ஆறு நிமிடக் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "அண்ணா, வெளிநாட்டில பாடத்தை நாங்களே தெரிஞ்சு, நாங்களே அடுக்கிச் செய்யிற முதுமாணி இருக்காம். இங்க இருக்கிற கோர்ஸ் ஒண்டிலயும் நான் தேடுறது இல்லை. அதைச் செய்யட்டோ?" இரண்டு வருடம் இதே கேள்வியைத் தலையில் சுமந்து திரிந்தவன் நான். திரும்பக் குரல்பதிவு போட்டால் ஒரு மணித்தியாலம் போகும், அதனால் எழுதிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் அவள் தேடுவது என்ன என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் அதைத்தான் தேடினேன்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் அம்மாவிடம், மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவத்தை வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி, கூட்டினால் ஆகக்கூடியது 27. எல்லாமே 'கடந்த இரண்டு கிழமைக்குள்' என்ற கணக்கில்தான் கேட்கப்படும். அவர் மடியில் காணாமல்போன மகனின் படம் இருந்தது. லமினேட் பண்ணிய படம், ஒரு மூலை பிரிந்து மழைத்தண்ணீர் உள்ளே போய் பெடியனின் தோள் பக்கம் மஞ்சளாகிவிட்டிருந்தது. அந்த மூலையைப் பெருவிரலால் அமர்த்திப் பிடித்தபடி சொன்னார்: "ரெண்டு கிழமையோ தம்பி? எனக்கு 2009இல இருந்து ஒரே நாள்தான் நடக்குது." நான் மூன்றில் வட்டம் போட்டேன். அடுத்த கேள்விக்கும் மூன்று. படிவம் நிரம்பியது, ஆனால் அவர் சொன்னதை எழுத அதில் ஒரு கட்டமும் இருக்கவில்லை.

அந்தக் கட்டம் உளவியலில் இல்லாமலும் இல்லை. போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்து, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்புக்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் நான் 'முடிவு தெரியா இழப்பு' என்று எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வில், காயம் தனியாள் மனதில் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் விழுந்திருக்கிறது என்று காட்டினார். ஆக அறிவு இருக்கிறது. ஆனால் நான் புரட்டிய பாடத்திட்டங்களில் இதெல்லாம் சேர்ந்து ஒரு விரிவுரை, கூடிப்போனால் இரண்டு. திவசம் கொடுப்பதா வேண்டாமா என்று பதினைந்து வருடமாக முடிவெடுக்க முடியாமல் இருக்கும் வீடுகள் நிறைந்த ஊருக்கு இரண்டு விரிவுரையோடு திரும்பி வருவது எப்படி? அதனால்தான் 'நாமே அடுக்கலாம்' என்று யாராவது சொன்னதும் மனம் அங்கே ஓடுகிறது. அந்த ஓட்டம் நியாயமானது.

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

மருத்துவ உளவியலாளர் என்ற பெயரோடு ஆஸ்பத்திரியில் இருந்து நோயாளர் பார்க்கத்தான் ஆசை என்றால், நாமே வடிவமைக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். அதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் எம்.பில். மாதிரி, பாடமும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் கட்டிப்போட்ட படிப்புத்தான் வழி. இலங்கை மருத்துவச் சபையில் பதிவு என்ற விஷயம் வரும்போது, எத்தனை மணித்தியாலம் யாருடைய மேற்பார்வையில் நோயாளர் பார்த்தீர்கள் என்பதற்குத்தான் பெறுமதி, எவ்வளவு அழகான திட்டம் எழுதினீர்கள் என்பதற்கு இல்லை. ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், கொழும்பில் அறை எடுக்க வேண்டும், வேலையை விடவோ கல்வி விடுப்பு எடுக்கவோ வேண்டும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்ட குறை, பயிற்சியில் பெரும்பகுதி வேறு மொழி பேசுபவர்களோடு போகும் என்பதுதான். 'நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது', 'தலைக்குள்ள ஓடுது', 'மனம் வெறுத்துப் போச்சு' என்று எங்கள் சனம் சொல்வதில் எது உடம்பு, எது மனம், எது கோபம் என்று பிரிக்கும் காது அங்கே பழகாது. ஆனாலும் சொல்கிறேன், இந்த வழியில் போய்த் திரும்பி வருபவர்கள் வன்னிக்கு அவசரமாகத் தேவை. அந்தக் காதை ஊருக்கு வந்தபிறகும் பழகலாம். மேற்பார்வையில் நோயாளர் பார்க்கும் பயிற்சியைப் பிறகு எங்கேயும் வாங்க முடியாது.

இன்னொரு தெரிவைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை: தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சமூகப்பணி முதுமாணி. உங்கள் ஒரு கிழமை நாட்குறிப்பை எடுத்துப் பாருங்கள். காணிப் பிரச்சினை, நுண்கடன், பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளை, குடிக்கிற புருஷன், மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு என்றுதான் பாதிக்குமேல் நிறைந்திருக்கிறதென்றால், உங்களுக்குத் தேவை உளவியலைவிடச் சமூகப்பணி. 'உளவியல்' என்ற சொல்லின் மரியாதைக்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

லண்டன் பக்கத்தில், வேறு பாடத்தில் பட்டம் எடுத்தவர்களை உளவியலுக்குள் கொண்டுவரும் ஒரு வருட எம்.எஸ்சி. உண்டு, ஒன்லைனிலும் நடக்கிறது. பிரித்தானிய உளவியல் சங்கம் அங்கீகரித்ததா என்று மட்டும் பாருங்கள். அடிப்படை நன்றாக விழும், ஆனால் அது ஆளைச் சிகிச்சையாளர் ஆக்காது, தெரிவுசெய்து அடுக்கவும் பெரிதாக இடம் இல்லை. இந்தியாவின் தொலைக்கல்வி எம்.ஏ.யும் அப்படித்தான்: மலிவு, அடிப்படை கிடைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது தங்கச்சி கேட்ட விஷயம். வெளிநாட்டுச் 'சுயவடிவமைப்பு' முதுமாணி எப்படி வேலை செய்கிறது என்று பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. பட்டியலில் பிடித்த பாடங்களைக் கிளிக் பண்ணுவது இல்லை அது. முதலில் நீங்கள் ஒரு திட்டம் எழுத வேண்டும்: என்ன கேள்வி, அதற்கு எந்தெந்தத் துறையிலிருந்து என்ன படிக்கப் போகிறீர்கள், எதை வாசிப்பீர்கள், கடைசியில் என்ன கொடுப்பீர்கள். ஓர் ஆலோசகரோ ஒரு சிறு குழுவோ அதை ஒத்துக்கொள்ள வேண்டும், பிறகு ஒவ்வொரு தவணையும் அந்த ஒப்பந்தப்படிதான் உங்களை அளப்பார்கள். நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் காலட்டின் பள்ளி 1972இலிருந்து இந்த வழியில் நடக்கிறது, ஆனால் நியூயோர்க்கில் போய் இருக்க வேண்டும். கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் பல்துறை முதுமாணியை ஒன்லைனிலேயே தருகிறது. அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் கொடார்ட் கல்லூரி என்று ஒன்று இருந்தது. தவணை தொடக்கத்தில் சில நாள் வளாகத்துக்கு வருவது, மிச்ச மாதங்கள் வீட்டிலிருந்து வேலையையும் பார்த்துக்கொண்டு ஆசிரியருக்கு எழுதி அனுப்புவது என்ற முறையை 1963இல் தொடங்கிவைத்ததே அவர்கள்தான். வேலை செய்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான முறையை நான் காணவில்லை. அதைப் பற்றி வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு ஆசை.

அந்தக் கல்லூரி 2024இல் மூடப்பட்டுவிட்டது. இதே வழியில் பேர்போன சின்சினாட்டியின் யூனியன் இன்ஸ்டிடியூட்டும் அதே வருடம் மூடப்பட்டது. இதை வைத்து அந்த முறையே பிழை என்று சொல்ல வரவில்லை. சிறிய கல்லூரிகளுக்குக் காசு முடிந்துபோனது, அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சாதாரண முதுமாணி பாதியில் நின்றால், எடுத்த பாடங்களை இன்னொரு பல்கலைக்கழகத்தில் காட்டி ஓரளவாவது ஒப்பிடலாம். உங்களுக்காக மட்டும் செய்த திட்டம் பாதியில் நின்றால் எதோடு ஒப்பிடுவது? அதனால் இந்த வழியில் போகிறவர், கல்லூரியின் நிதிநிலையையும் தரச்சான்றையும் பாடத்திட்டத்துக்கு முன்பாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பட்டத்தாளில் வரும் பெயர். காலட்டினில் 'தனிப்பயன் கற்கை' என்ற பொருளில் வரும், அதபாஸ்காவில் 'பல்துறைக் கற்கை'. நீங்கள் மூன்று வருடம் துயரம் பற்றியே படித்திருந்தாலும் தாளில் உளவியல் என்ற சொல் வராது. கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வில் ஆட்சேர்ப்புத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'உளவியலில் முதுமாணி' என்ற வரியைத் தேடும் உத்தியோகத்தருக்கு உங்கள் ஆய்வேட்டை எடுத்து விளங்கப்படுத்த நேரம் கிடைக்காது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஏற்பதும் அந்தப் பட்டத்தை உங்கள் பதவிக்கான தகைமையாக அமைச்சு ஏற்பதும் இரண்டு வேறு விஷயங்கள். இரண்டையும் தனித்தனியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாயால் 'பிரச்சினை வராது' என்று சொல்வதை நம்பி டொலர் கட்ட வேண்டாம். டொலர் என்றதும் நினைவு வருகிறது: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. அந்த நேரம் வெளிநாட்டுத் தவணைக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த ஒரு நண்பர் இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டார். மூன்று வருடத்துக்குப் பரவும் டொலர்க் கடமையை மாதச் சம்பளக்காரர் தனியே தோளில் போடக்கூடாது, புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டும் பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலே எனக்கு இருந்த தயக்கம் மேற்பார்வை பற்றியது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நேர்த்தி வைக்கும் ஒரு தாய், மகன் உயிரோடு வரவேண்டும் என்று வைக்கிறாளா, போன இடத்தில் அவன் நல்லாயிருக்க வேண்டும் என்று வைக்கிறாளா என்பதை அவளே ஒருநாள் ஒருவிதமாகவும் இன்னொருநாள் வேறுவிதமாகவும் சொல்வாள். இந்த ஊசலாட்டம்தான் என் ஆய்வு. அந்தியேட்டி செய்யாத வீடு, பொட்டை வைப்பதா அழிப்பதா என்று கண்ணாடி முன்னால் நிற்கும் மனைவி, மகனின் பிறந்தநாளுக்கு மட்டும் அவனுக்குப் பிடித்த கணவாய்க்கறி வைத்து வீதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு மாமி. இதை மொழிபெயர்த்து அனுப்பி, எங்கள் ஊரைக் கண்டிராத ஒருவர் திருத்தித் தரும்போது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மொழிபெயர்ப்பில் நான் ஏற்கெனவே விட்டுவிட்டதை அவரால் பிடிக்க முடியாது. தமிழ் கேட்கும் ஒருவர் பிடிப்பார். "ஏன் இந்த இடத்தில அவ 'இருந்தவன்' எண்டு சொன்னவ, மேல 'இருக்கிறான்' எண்டெல்லோ சொன்னவ?" என்று கேட்பார்.

அதனால் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுவழி எம்.பில். எடுத்தேன். சுயவடிவமைப்புப் பட்டம் என்று யாரும் அதை அழைப்பதில்லை, ஆனால் உண்மையில் அது அதுதான்: கேள்வி உங்களுடையது, வாசிப்பு உங்களுடையது, மேற்பார்வையாளரைச் சம்மதிக்க வைத்தால் வேறு துறையிலிருந்து இணை மேற்பார்வையாளரையும் கேட்கலாம். கிளிநொச்சியிலிருந்து அறுபத்தைந்து கிலோமீற்றர் அளவு, காலை பஸ் பிடித்தால் நூலகம் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். மருத்துவ பீடத்தில் ஆய்வு ஒழுக்க மீளாய்வுக் குழு இருக்கிறது, என் விண்ணப்பத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது, சின்ன ஊரில் வீட்டு வாசலில் என் மோட்டார் சைக்கிள் நின்றாலே அந்த வீட்டில் என்ன கதை என்று அயலுக்குத் தெரிந்துவிடும் என்பதை நான் எழுதவே இல்லை என்று.

இதில் கெட்டதும் இருக்கிறது. பாட வகுப்பு இல்லை என்பதால் புள்ளிவிபரவியலையும் நேர்காணல் பகுப்பாய்வையும் நானே இரவில் இருந்து படித்தேன், பிழையாகப் படித்தேன், ஒரு வருடத் தரவைத் திரும்ப ஒழுங்குபடுத்த வேண்டி வந்தது. கூடப்படிக்கும் ஆள் என்று ஒருவரும் இல்லை. இதற்குமுன் விண்ணப்பித்த வேறொரு இடத்தில் என் முன்மொழிவு ஏழு மாதம் ஒரு மேசையில் கிடந்தது, போய்க் கேட்டபோது கோப்பே திறக்கப்படவில்லை. ஆய்வுப் பட்டத்தில் இப்படிக் காலம் போனால் உங்களுக்காகக் கதைக்க ஒரு வகுப்புத்தோழர் குழு இருக்காது.

நாமே அடுக்குவதில் இன்னொரு ஆபத்தையும் என் கையாலேயே கண்டேன். அடுக்கும் உரிமை கிடைத்ததும் நாம் பயப்படும் பாடத்தைத்தான் முதலில் கழற்றிவிடுவோம். நான் உளஅளவீட்டை விட்டேன், 'படிவங்கள் எங்கள் சனத்துக்குப் பொருந்தாது' என்று பெரிய காரணமும் சொல்லிக்கொண்டேன். படிவம் ஏன் பொருந்தவில்லை என்று காட்டுவதற்கே அளவீடு தெரிய வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது. எந்தத் திட்டம் எழுதினாலும் ஆய்வுமுறை, அளவீடு, உளநோயியல், ஒழுக்கக்கோவை நான்கையும் ஆணி அடித்துவிட்டு மிச்சத்தை உங்கள் விருப்பத்துக்கு விடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நாங்களும் போர் முடிவில் முள்ளிவாய்க்காலின் அந்தக் கடற்கரையால் வந்த ஆட்கள்தான். செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்தவர்கள்தான் இன்று மேசையின் இந்தப் பக்கம் இருக்கிறோம். நம் காயத்தையே ஆய்வுத் தலைப்பாக எடுத்து, தனியே, இரவில், ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தட்டச்சு செய்வது லேசான காரியம் இல்லை. எனக்கு எட்டாவது நேர்காணலோடு நித்திரை குழம்பியது. பிறகுதான், ஆய்வோடு தொடர்பில்லாத ஓர் ஆற்றுப்படுத்துநரிடம் மாதம் ஒருமுறை போகத் தொடங்கினேன். போட்டுவைத்த பாடநெறியில் இதைப் பயிற்சியின் பகுதியாகச் சேர்த்திருப்பார்கள். நாமே அடுக்கும்போது நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும், செலவையும் நேரத்தையும் கணக்கில் போட வேண்டும்.

ஆகவே தங்கச்சி, நான் எம்.பில். எடுத்தேன், ஆனால் உனக்கு அதைச் சொல்லமாட்டேன். உனக்குச் சொல்வது நடுவில் இருக்கும் வழி. பட்டங்களை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பத்தாம் மட்டம் என்று ஒன்று உண்டு: பாடமும் ஆய்வும் சேர்ந்த முதுமாணி, 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. ஒன்பதாம் மட்டத்து 30 கிரெடிட் முதுமாணியோடு இதைக் குழப்பாதே, விளம்பரத்தில் இரண்டும் 'மாஸ்டர்ஸ்' என்றுதான் வரும். பாடத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம், ஆய்வில் ஆகக்குறைந்தது 100 என்று கணக்கு, ஆக பாடத்தின் 45க்கு 2250, ஆய்வின் 15க்கு 1500, மொத்தம் 3750 மணித்தியாலம். கிழமைக்கு இருபது மணித்தியாலம் ஒதுக்கினால் மூன்றரை வருடத்துக்கு மேல். வேலையோடு செய்பவர்கள் இரண்டு வருடத்தில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார். பாடப்பகுதியில் நீ பயப்படுவதை அவர்களே கட்டாயமாகப் படிப்பிப்பார்கள், கூட இருபது பேர் இருப்பார்கள், தாளில் உளவியல் என்றோ உளவளத்துணை என்றோ பெயர் வரும். ஆய்வுக்குரிய அந்த 15 கிரெடிட், 1500 மணித்தியாலம், முழுக்க உன்னுடையது. விருப்பப் பாடங்களுக்கு எழுதும் ஒப்படைகளையும் அதே கேள்வியைச் சுற்றியே எழுது. அளவீட்டுப் பாட ஒப்படைக்கு அந்த 'இரண்டு கிழமை' கேள்வியை எடு, ஒழுக்கக்கோவைப் பாடத்துக்கு அயலவர் கண்ணை எடு. இப்படிச் செய்தால் போட்டுவைத்த பாடநெறியின் பாதியாவது உன் பாடநெறி ஆகிவிடும், யாரிடமும் விசேட அனுமதி கேட்காமலே. மேலே படிக்க விரும்பினால் அப்புறம் எம்.பில்.லுக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ போகலாம், அப்போது கையில் முறை இருக்கும்.

பாடநெறியைத் தெரியும்போது, பேரைப் பார்க்காமல் இரண்டு விஷயம் கேள்: ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாமா, அல்லது நேர்காணல்களைத் தமிழிலேயே இணைத்து ஆங்கிலத்தில் எழுதலாமா என்பது ஒன்று. தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவர் உன் தலைப்பை எடுக்கச் சம்மதிப்பாரா என்பது மற்றது. இரண்டாவதுக்கு விண்ணப்பப் படிவம் வாங்குவதற்கு முன்பே ஒரு பக்கம் எழுதிக்கொண்டுபோய் ஆளைச் சந்திக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் கோட்பாடு வேண்டாம். நீ போகும் ஒரு வீடு, அங்கே நீ கேட்டு உனக்கு விளங்காத ஒரு வசனம், அதைப் பற்றி உனக்கு இருக்கும் கேள்வி, இவ்வளவும் போதும். அடையாளம் தெரியாமல் எழுது.

காலத்தைப் பற்றியும் யோசி. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் வீதியோரம் இருக்கத் தொடங்கினார்கள். அன்று அங்கே இருந்த தாய் தகப்பன்மாரில் பலர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். நான் நேர்காணல் எடுத்தவர்களில் இருவர் இப்போது இல்லை. கடல்கடந்த பட்டத்துக்கு விசா, டொலர், அனுமதி என்று மூன்று வருடம் காத்திருக்கும்போது, உன் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். நான் இங்கேயே படிக்கச் சொல்வதற்கு அதுவும் காரணம்.

அந்த ஒரு பக்கத்தைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. சனிக்கிழமை பின்னேரம் நான் வீட்டில்தான் நிற்பேன், சேர்ந்து பார்ப்போம்.